கொசுவின் குற்றத்தைக் கண்டுபிடித்த டாக்டர் ராஸ்

மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்பதற்கு முதல் சாட்சி கிடைத்த ஊர் நமது செகந்திராபாத். பேகம்பேட்டை பழைய விமான நிலையத்தின் அருகே அந்தக் கட்டிடம் இருக்கிறது. அதைக் கண்டவர் டாக்டர் ரொனால்ட் ராஸ்.

ராஸ் 1857 மே 13-ந் தேதி அல்மோராவில் ஒரு ராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்தார். கவிதையில் நாட்டம் கொண்ட அவர், தந்தையின் விருப்பத்துக்காக லண்டனில் வைத்தியம் படித்து, 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

கெட்ட காற்றுதான் மலேரியாவுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1880-ல் லாவரான் என்ற பிரெஞ்சு டாக்டர் நோயாளியின் ரத்தத்தில் கிருமியைக் கண்டார். ஆனால் அது மற்றவர் உடம்புக்குள் போகும் வழி தெரியவில்லை. 1894-ல் லண்டனில் டாக்டர் பாட்ரிக் மான்சன், கொசுவை ஆராயும்படி ராஸைத் தூண்டினார்.

1895-ல் ராஸ் சென்னைக் காலாட்படையின் டாக்டராக இங்கு வந்தார். தனி ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. ஆஸ்பத்திரி வேலைக்கு இடையேதான் கொசுக்களை அறுத்துப் பார்த்தார். வேறு இனக் கொசுக்களையே பார்த்துவந்ததால் பலன் கிட்டவில்லை. நடுவில் காலரா பணிக்காகப் பெங்களூர் சென்றார். 1897-ல் ஊட்டி அருகே சீகூர் பக்கம் போனபோது அவருக்கே மலேரியா கண்டது.

அந்த ஆகஸ்டில் புழுக்கம் கடுமை. காற்றில் கொசுக்கள் பறந்துவிடும் என்று பங்கா போடவில்லை. நெற்றி வியர்வை பட்டு மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்தன. ஹுசேன் கான் என்ற நோயாளி, ஒரு கொசுவுக்கு ஓர் அணா கூலி பெற்று, இறக்கையில் புள்ளியுள்ள கொசுக்களிடம் கடி வாங்கினார். அவற்றில் ஒன்றை 20-ந் தேதி அறுத்தபோது, இரைப்பைச் சுவரில் கரும்பொட்டுகள் கொண்ட உருண்டைகள் தென்பட்டன. மறுநாள் அடுத்த கொசுவில் அவை இன்னும் பெரிதாக இருந்தன. கிருமி கொசுவுக்குள் வளர்கிறது!

மேலும் ஆராய்வதற்குள் மாற்றல் உத்தரவு வந்தது. மலேரியா அதிகமில்லாத ராஜபுதனத்துக்கு அனுப்பப்பட்டார். 1898-ல் கல்கத்தாவில், பறவைகளை வைத்து மீதியை முடித்தார். கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து, கடிக்கும்போது அடுத்த உடம்பில் இறங்குகிறது என்று காட்டினார். 1902-ல் நோபல் பரிசு பெற்றார். 1932 செப்டம்பர் 16-ந் தேதி லண்டனில் காலமானார்.

ஆகஸ்ட் 20 இன்று உலகக் கொசு தினம். அன்றைக்கு ராஸுடன், அணாக் கூலிக்குக் கடிபட்ட ஹுசேன் கானையும் நாம் நினைப்பது நியாயம். வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரைக் கொட்டிவிடுவதும் நமது கடமை.