கிருமிக்கும் கிருமி உண்டு!

குட்டீஸ்... திருவண்ணாமலையில் கிரிவலம் போயிருக்கிறீர்களா? 14 கி.மீ., பாதையில் நடந்தால், மலையின் மேற்குப் பக்கம் அடி அண்ணாமலை என்ற ஊர் வரும். வழியில் குளங்களும் உண்டு. அப்படி ஒரு குளத்தில் ஒரே ஒரு சொட்டு நீரை எடுத்தால், அதில் ஏராளமான பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றைவிடப் பல மடங்கு சிறிய இன்னொரு கூட்டமும் இருக்கும். பாக்டீரியாவுக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும் வைரஸ்கள் அவை. பெயர் பாக்டீரியோபேஜ். பாக்டீரியாவைத் தின்பது என்று பொருள்.

சாதாரண மைக்ராஸ்கோப்பில் இவை தெரியாது. கண்ணால் பார்க்காமலேயே, இப்படி ஒன்று இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டியவர்தான் பெலிக்ஸ் டெரெல்.

இவர் 1873ம் ஆண்டு, ஏப்ரல் 25ம் தேதி பாரீஸ் நகரில் பிறந்தார். ஆனால், கனடாவில் பிறந்ததாகவே எல்லாரிடமும் சொல்லி வந்தார். மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. புத்தகங்களைப் படித்தும், வீட்டிலேயே சோதனை செய்தும் நுண்ணுயிரியலைக் கற்றுக்கொண்டார்.

1901ல் குவாட்டமாலா நாட்டு மருத்துவமனையில் கிருமி ஆய்வாளராகச் சேர்ந்தார். பிறகு மெக்சிகோ போனார். அங்கே பயிர்களை அழித்த வெட்டுக்கிளிகள் சில, நோய் கண்டு செத்து விழுவதைக் கவனித்தார். அந்த நோய்க்கிருமியைப் பிரித்தெடுத்து வளர்த்தார். கிருமி அடர்த்தியாகப் படர்ந்திருந்த இடத்தில், ஆங்காங்கே சின்னச் சின்ன வட்டங்களாக வெறுமையாகத் தெரிந்தது. அது ஏன் என்று அப்போது அவருக்குப் புரியவில்லை. ஆனால், அதை மறக்கவும் இல்லை.

1911ல் பாரீஸ் பாஸ்டர் ஆய்வகத்தில் சேர்ந்தார். சம்பளம் இல்லாத வேலை! முதல் உலகப் போர் நடந்த 1915ல், பிரெஞ்சுப் படை வீரர்களிடையே சீதபேதி பரவியது. பலர் துடித்தனர். காரணத்தை ஆராயும் பொறுப்பு டெரெலிடம் வந்தது.

அவர் செய்த சோதனையைக் கவனியுங்கள். ஒரு நோயாளியின் மலத்தைச் சாறில் கரைத்து, பீங்கான் வடிகட்டியில் வடித்தார். மண்பானைச் சுவரில் நீர் கசியும், மண் கசியாது அல்லவா? அதுபோல, பீங்கானின் நுண்ணிய துளைகளில் நீர் இறங்கும், பாக்டீரியா இறங்காது. வடிந்த தெளிந்த நீரில் சில சொட்டுகளை, சீதபேதிக் கிருமி வளரும் குழாயில் விட்டு, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்தார். கிருமி பெருகினால், குழாயில் உள்ள சாறு கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கும்.

தினமும் இப்படியே செய்து வந்தார். முதல் சில நாட்கள் சாறு கலங்கியே இருந்தது. ஒருநாள் காலையில் பெட்டியைத் திறந்தால், முந்தைய இரவு கலங்கலாக இருந்த சாறு, பளிங்கு போலத் தெளிந்திருந்தது! கிருமிகள் எல்லாம் கரைந்துவிட்டன. குழாயில் நடந்தது நோயாளியின் குடலிலும் நடந்திருக்குமோ என்று நினைத்து மருத்துவமனைக்கு ஓடினார். முந்தைய நாள் மோசமாக இருந்த நோயாளி, தேறத் தொடங்கியிருந்தார்.

1917ல் இதை வெளியிட்டார். இங்கிலாந்தின் பிரெடரிக் ட்வோர்ட் என்பவரும் 1915லேயே இதைக் கவனித்து எழுதியிருந்தார். ஆனால் இது வைரஸா, வெறும் ரசாயனமா என்று அவர் உறுதியாகச் சொல்லவில்லை. நோபல் பரிசு பெற்ற ஜூல்ஸ் போர்டே போன்ற பெரியவர்களோ, இது உயிர்ப்பொருளே அல்ல என்று வாதிட்டனர்.

பார்க்க முடியாத ஒன்றை எப்படி நிரூபிப்பது? நோன்பு நாட்களில் கடல்பாசி இனிப்பு சாப்பிட்டிருப்பீர்களே! அகார் என்ற அந்தப் பொருளைத் தட்டில் உறைய வைத்து, அதன் மேல் பாக்டீரியாவைப் பரப்பினால் வெள்ளைப் படலமாக வளரும். பேஜ் கலந்த நீரையும் சேர்த்துப் பரப்பினால், மாவு பரப்பிய தரையில் மழைத்துளி விழுந்தது போல, வட்ட வட்டமாக வெறுமை தோன்றும். மெக்சிகோவில் பார்த்தாரே, அதே வட்டங்கள்!

பேஜ் நீரைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தால், வட்டங்களும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்தன. ஆனால், ஒவ்வொரு வட்டமும் முன்பு போலவே தெளிவாக இருந்தது. வெறும் ரசாயனம் என்றால், தட்டு முழுவதும் ஒரே மாதிரி மங்கியிருக்க வேண்டும். அப்படியானால், ஒரு வட்டத்துக்கு ஒரு பேஜ்தான் தொடக்கம் என்று முடிவு செய்தார். இன்றும் ஆய்வகங்களில் பேஜ்களை எண்ணுவது இந்த முறையில்தான். ஒரு வட்டத்தைத் தொட்டெடுத்து, புதிய பாக்டீரியாவில் சேர்த்து வளர்த்தால், அந்த வகை பேஜ் மட்டும் தனியாகக் கிடைக்கும்.

1919ல் பாரீஸ் குழந்தைகள் மருத்துவமனையில், 12 வயதுச் சிறுவன் ஒருவன் கடும் சீதபேதியால் துவண்டு கிடந்தான். அவனுக்குப் பேஜ் மருந்து கொடுப்பதற்கு முன், டெரெலும் அங்கிருந்த மருத்துவர்களும் அதைத் தாங்களே குடித்துப் பார்த்தனர். தீங்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே, மறுநாள் அவனுக்குக் கொடுத்தனர். சில நாட்களில் சிறுவன் குணமானான்.

டெரெல் நம் நாட்டுக்கும் வந்தார். அந்தக் காலத்தில் திருவிழாக் கூட்டங்களில் காலரா புகுந்தால், கொத்துக் கொத்தாக உயிர்கள் போகும். 1927ல் பஞ்சாபில் காலரா நோயாளிகளுக்குப் பேஜ் மருந்து கொடுத்தார்; கிராமத்துக் கிணறுகளிலும் அதைக் கலந்தார். மருந்து குடித்தவர்களில் இறந்தோர் குறைவாக இருந்தனர். அதற்கும் முன்பே, 1896ல், ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்கின், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி சாவதையும், நீரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விடுவதையும் எழுதியிருந்தார். பேஜ்களே காரணமாக இருக்கலாம் என்று பின்னாளில் பலர் கருதினர். அதற்காக ஆற்று நீரையோ குளத்து நீரையோ அப்படியே குடித்துவிடாதீர்கள். நோய்க்கிருமிகளும் அதில் இருக்கும்!

பேஜ் மருந்து எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. ஒவ்வொரு பேஜும் தனக்கென உள்ள பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். பூட்டுக்கு ஏற்ற சாவி வேண்டும். பெனிசிலின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வந்ததும், மேலை நாடுகள் பேஜை மறந்தன. டெரெலின் நண்பர் எலியாவா, ஜார்ஜியா நாட்டின் திபிலிசி நகரில் தொடங்கிய ஆய்வு நிலையமோ விடாமல் பேஜ் மருந்து தயாரித்து வந்தது. அந்த எலியாவாவுக்கு, 1937ல் சோவியத் அரசு மரண தண்டனை அளித்தது.

நோபல் பரிசுக்குப் பலமுறை பெயர் சென்றும், டெரெலுக்குக் கிடைக்கவில்லை. ஆனால், 1940ஐ ஒட்டி, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பேஜ்கள் படமாயின. சிலவற்றுக்குத் தலைப்பிரட்டை போலத் தலையும் வாலும் இருந்தன! டெரெல் சொன்னது சரிதான் என்பதை, அவர் உயிரோடு இருக்கும்போதே உலகம் கண்டது. 1949, பிப்ரவரி 22ம் தேதி பாரீஸில் காலமானார்.

இன்று ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்டன. அதனால், மறந்துபோன பேஜ்களை விஞ்ஞானிகள் மீண்டும் தேடுகின்றனர். எங்கே தெரியுமா? குளத்திலும், ஆற்றிலும், சாக்கடையிலும்தான். தேடும் முறையும் டெரெல் காட்டியதே: வடிகட்டு, வளர்த்துப் பார், வட்டங்களை எண்ணு. அடுத்த முறை உங்கள் கண்ணுக்குப் புரியாத ஒரு சின்ன வட்டம் தெரிந்தால், துடைத்துவிடாமல் குறித்து வையுங்கள் குட்டீஸ்!