நண்பர்கள் சிரிப்பார்களே!



நான் இரட்சிக்கப்பட்ட புதிதில் குடியை விட்டேன். ஆனால் விட்டதை வெளியே சொல்ல வெட்கம். கல்யாண வீட்டில் சிநேகிதர் டம்ளரை நீட்டினால், வயிறு சரியில்லப்பா என்று நழுவுவேன். அடுத்த தடவை, வயிறு சரியாயிடுச்சில்ல, எடு என்பார்கள். எத்தனை நாளைக்கு வயிற்றைக் குறை சொல்ல முடியும்? அந்த நாட்களில் என்னைத் தைரியப்படுத்தியது பில்லி சண்டே என்ற அமெரிக்க சுவிசேஷகரின் வாழ்க்கை.

இவர் 1862-ல் அயோவா மாகாணத்தில் பிறந்தார். பிறந்த சில வாரங்களில், போர்ச் சேவகரான தகப்பன் நோயில் இறந்துபோனார். வறுமையால் தாயார் பிள்ளையை அநாதை இல்லத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஆனால் கால் ஓட்டத்தில் அவனை மிஞ்ச ஆள் இல்லை! 1883-ல் சிகாகோவின் பேஸ்பால் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது.

அது பேர்பெற்ற அணி. குடிக்கும் பேர்பெற்றது. ஆட்டக்காரரின் உடம்பிலிருந்து சாராயம் இறங்கட்டும் என்று, 1886-ல் முதலாளி அவர்களை வெந்நீர் ஊற்றுகளுக்கு அனுப்பினார். பின்னால் துப்பறிகிறவர்களையும் வைத்து, குடித்தவர்களுக்கு 25 டாலர் அபராதம் போட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. பில்லி பெருங்குடியர் அல்ல. மற்றவர்கள் குடிக்க, இவர் பெரும்பாலும் எலுமிச்சைச் சாறோடு உட்கார்ந்திருப்பார். ஆனாலும் சில தடவை வெறிக்கக் குடித்ததும் உண்டு. முடிவு எடுக்காத மனுஷனுக்கு ஒவ்வொரு சாயங்காலமும் புதுச் சோதனைதானே!

அந்த 1886 வாக்கில், ஒரு ஞாயிறு, ஆட்டக்காரர்களோடு குடித்துவிட்டுத் தெருவோரம் உட்கார்ந்திருந்தார். பசிபிக் கார்டன் மிஷன் ஊழியர்கள் பாடினார்கள். தாயார் பாடிய அதே பாட்டுகள்! உள்ளம் உடைந்தது. அந்த மிஷனுக்குப் போய், பிறகு தன்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார்.

அடுத்து என்ன? பயம்! கூட்டாளிகள் கேலி பண்ணிச் சிரிப்பார்களே என்று மூன்று இரவு தூக்கமே வரவில்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மைதானத்துக்குப் போனார். முதலாவது எதிரே வந்தவர் மைக் கெல்லி. அணியின் பெரிய நட்சத்திரம், பெரிய குடிகாரரும் அவரே. அவர் கேலி செய்யவில்லை. கையைப் பிடித்துக் குலுக்கி, நான் உனக்குத் துணை நிற்பேன் என்கிற விதமாய்ப் பேசினார். மற்றவர்களும் அப்படியே. மூன்று இரவு பயந்த சிரிப்பு வரவே இல்லை!

அந்தக் கெல்லி 1894-ல் 36 வயதில் மரித்தார். அதை வாசிக்கும்போதெல்லாம் என் மனசு கனக்கிறது. பில்லியோ 1891-ல் நல்ல சம்பளமுள்ள ஆட்டத்தை விட்டு, மாதம் சுமார் 83 டாலருக்கு சிகாகோ ஒய்.எம்.சி.ஏ. ஊழியத்துக்கு வந்தார். பின்பு தேசமெங்கும் மதுவுக்கு விரோதமாய்ப் பிரசங்கித்தார். 1920-ல் மதுவிலக்குச் சட்டம் அமலுக்கு வந்தது, 1933-ல் நீக்கப்பட்டது. சட்டம் 13 வருஷம் நின்றது. பில்லியின் தீர்மானமோ 1935-ல் அவர் மரிக்கும்வரை நின்றது.

பிரியமானவர்களே, சாக்கு சொன்னால் டம்ளர் திரும்பி வரும். நான் இனி குடிக்கிறதில்லை என்று ஒரே தரம் வெளிப்படையாய்ச் சொல்லுங்கள். எல்லாரும் கெல்லியைப்போல் கை குலுக்குவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். என் சிநேகிதரில் இருவர் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் அதற்குப்பின் ஒருவரும் என் டம்ளரில் ஊற்றவில்லை.