ஓகோவே ஆற்றங்கரையில் ஓர் இல்லம்

பொருள் தேடியோ பாதுகாப்புத் தேடியோ பிறந்த ஊரை விட்டு வேற்று நாட்டிற்குச் செல்வோர் பலர். கையில் இருந்த பதவியையும் புகழையும் உதறிவிட்டு, முன்பின் அறியாத மக்களுக்குப் பணிசெய்யவே கடல் கடந்தவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் மருத்துவர் ஆல்பர்ட் சுவைட்சர். ஐரோப்பாவில் பிறந்த அவர், மத்திய ஆப்பிரிக்காவின் மழைக்காட்டில் ஒரு மருத்துவமனையை எழுப்பினார். கொடுக்கச் சென்ற அவர், அங்கே நிலைத்து வாழ்வதற்கு முதலில் பெறவும் கற்றுக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

சுவைட்சர் 1875ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் அல்சாஸ் பகுதியிலுள்ள கைசர்ஸ்பெர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று பிரான்சு நாட்டுடன் இருக்கும் அப்பகுதி, அக்காலத்தில் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. தந்தையார் தேவாலயப் போதகர். சுவைட்சர் இளமையிலேயே ஆர்கன் என்னும் இசைக்கருவியை வாசிப்பதில் தேர்ச்சி பெற்றார். ஸ்திராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்று, 24ஆம் அகவையில் மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்றார். இசை மேதை பாஹ்கைப் பற்றி அவர் எழுதிய நூல் அறிஞர்களின் பாராட்டைப் பெற்றது. முப்பது அகவைக்குள் பேராசிரியர், போதகர், இசைக் கலைஞர், நூலாசிரியர் எனப் பல துறைகளில் அவர் பெயர் விளங்கியது.

ஆயினும், அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் வெகுநாளாக வேரூன்றியிருந்தது. தமக்குக் கிடைத்த நல்வாழ்வு பலருக்குக் கிடைக்கவில்லையே என்று அவர் வருந்தினார். முப்பது அகவை வரை கல்விக்கும் கலைக்கும் வாழ்வது. அதன் பிறகு மனிதருக்கு நேரடியாகத் தொண்டு செய்வது என்று 21ஆம் அகவையிலேயே முடிவெடுத்தார். 1904ஆம் ஆண்டு ஒரு சமயத் தொண்டு இதழில், காபோன் பகுதியில் பணியாற்ற ஆள் இல்லை என்ற செய்தியைப் படித்தார். தேடிய வழி கண்முன் தெரிந்தது. அடுத்த ஆண்டே, தாம் ஆசிரியராகப் பணியாற்றிய அதே பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். உறவினரும் நண்பரும் அவரைத் தடுக்க முயன்றனர். திறமைகளையெல்லாம் காட்டில் புதைக்கப் போவதாகக் கடிந்துகொண்டனர். அவர் தம் முடிவில் உறுதியாக நின்றார். 1912இல் அவர் மணந்துகொண்ட ஹெலேனாவும் செவிலியர் பயிற்சி பெற்று, அப்பணியில் தோள்கொடுக்க முன்வந்தார்.

1913ஆம் ஆண்டு மார்ச் மாதம் இருவரும் புறப்பட்டனர். பயணத்திற்கும் மருத்துவமனைக்கும் தேவையான பணத்தைச் சுவைட்சரே நண்பர்களிடம் திரட்டியிருந்தார். இசை நிகழ்ச்சிகளாலும் ஈட்டியிருந்தார். மருந்துகளும் கருவிகளும் 70 பெட்டிகளில் அடைக்கப்பட்டன. போர்தோ துறைமுகத்திலிருந்து கப்பலில் ஆப்பிரிக்கக் கரையை அடைந்து, பின் ஆற்றுப் படகில் ஓகோவே ஆற்றை எதிர்த்து உள்நாட்டுக்குச் சென்றனர். ஏப்ரல் மாத நடுவில் லம்பரேனே வந்து சேர்ந்தனர். நிலநடுக்கோட்டிற்குச் சற்றுத் தெற்கே அமைந்த ஊர் அது. ஆறும் காடும் எங்கே தொடங்குகின்றன, எங்கே முடிகின்றன என்று பிரித்தறிய முடியாத பசுமையும், புழுங்கும் வெப்பமும் அவர்களை வரவேற்றன.

முதல் ஏமாற்றம் உடனே காத்திருந்தது. மருத்துவமனைக்கென உறுதியளிக்கப்பட்ட தகரக் கட்டடம் கட்டப்படவே இல்லை. மர வணிகத்தில் நல்ல கூலி கிடைத்ததால் கட்டட வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளராக வருவதாக இருந்தவரும் வரவில்லை. மருந்துப் பெட்டிகள் இன்னும் வழியில் இருந்தன. ஆனால், மருத்துவர் வந்துவிட்டார் என்ற செய்தி காட்டுத்தீயாகப் பரவிவிட்டது. முதல் நாள்களிலேயே நோயாளிகள் வீட்டின் முன் திரண்டனர். திறந்தவெளியில் அவர்களைப் பார்த்த சுவைட்சர், மழை வரும்போதெல்லாம் மருந்துகளையும் கட்டுத்துணிகளையும் அள்ளிக்கொண்டு ஓட நேர்ந்தது. இறுதியில், பயன்படாமல் கிடந்த ஒரு கோழிக்கூண்டைத் துப்புரவு செய்து, சுவருக்கு வெள்ளையடித்து, சில மரத்தட்டுகளை அமைத்தார். ஐரோப்பாவின் மேடைகளில் வாசித்தவரின் முதல் மருத்துவ அறை அதுதான். கூரையில் ஓட்டைகள் இருந்ததால், வெயிலுக்கு அஞ்சி அறைக்குள்ளேயே நாள் முழுவதும் தொப்பி அணிந்திருந்தார். எனினும், மழை கூரைமேல் விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டே புண்ணுக்குக் கட்டுப்போட முடிந்ததே அவருக்குப் பெருமகிழ்ச்சியாக இருந்தது.

மொழி அடுத்த தடையாக நின்றது. அப்போது கைகொடுத்தவர் ஜோசப் அசோவானி என்னும் உள்ளூர்க்காரர். சிகிச்சைக்காக வந்த அவர், மருத்துவரின் உதவியாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் ஆனார். முன்பு சமையற்காரராக வேலை செய்ததால், உடலுறுப்புகளை அவர் சமையற்கட்டுப் பெயர்களாலேயே குறிப்பிட்டார். ஒருவருக்கு வலக்காலில் வலி என்பதை ஆட்டுத்தொடையில் வலி என்றே பிரெஞ்சு மொழியில் எடுத்துரைப்பார். கேட்பதற்குச் சிரிப்பு வந்தாலும், அவர் இல்லாவிட்டால் மருத்துவரின் அறிவு அங்கே ஊமையாகியிருக்கும். ஊர் வழக்கங்களையும் எவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதையும் சுவைட்சர் ஜோசப்பிடமே கற்றார். நாள்தோறும் காலையில், எச்சில் துப்பக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது, மருந்துப் புட்டிகளைத் திருப்பித் தர வேண்டும் என்பன போன்ற விதிகள் அவ்வட்டார மொழிகளில் உரக்க அறிவிக்கப்பட்டன. அவை நோயாளிகள் வழியாகத் தொலைவிலுள்ள சிற்றூர்களுக்கும் சென்றன.

மலேரியா, தொழுநோய், உறக்க நோய், சீதபேதி, ஆறாப்புண், குடலிறக்கம் என நோய்கள் அணிவகுத்து வந்தன. நோயாளிகளும் சுற்றத்தாரும் மரத்தைக் குடைந்து செய்த ஓடங்களில் நூறு, இருநூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் வந்தனர். முதல் ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 2000 பேருக்குச் சுவைட்சர் மருத்துவம் செய்தார். ஹெலேனா அறுவை சிகிச்சையின்போது மயக்க மருந்து கொடுத்தார், கருவிகளையும் கட்டுத்துணிகளையும் கவனித்தார், வீட்டையும் நடத்தினார். பணமில்லாதவர்கள் வாழைக்குலை, முட்டை, கோழி ஆகியவற்றைக் கொண்டுவந்து தந்தனர். வந்தவர்களை அயல்நாட்டு மருத்துவமனை முறைக்குள் திணிக்காமல், சுற்றத்தாரும் உடன் தங்கி, தம் உணவைத் தாமே சமைத்துக்கொள்ளச் சுவைட்சர் இடமளித்தார். அதனால் அவருடைய மருத்துவமனை நாளடைவில் ஒரு சிற்றூராகவே மாறியது.

வீட்டு வாழ்வும் எளிதாக இல்லை. கறையான் பெட்டிகளை அரித்தது. சில இரவுகளில் படையெறும்புகள் கூட்டமாகப் படையெடுத்து வந்தன. ஹெலேனா சுவரில் தொங்கும் ஊதுகொம்பை எடுத்து மூன்று முறை ஊதுவார். உதவியாளர்கள் கிருமிநாசினி கலந்த நீரை வாளிகளில் கொண்டு ஓடிவந்து எறும்புகளை விரட்டுவார்கள். தனிமையை விரட்டுவதற்குச் சுவைட்சருக்கு இசை துணையாயிற்று. வெப்பத்தையும் கறையானையும் தாங்கும்படி செய்யப்பட்ட, கால்மிதிகள் கொண்ட பியானோ ஒன்றைப் பாரிஸ் பாஹ்க் சங்கத்தினர் அவருக்கு அன்பளித்திருந்தனர். காட்டுக்கு வந்தபின் கலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று முதலில் எண்ணியவர், ஓய்வு நேரங்களில் ஒவ்வோர் இசைப்படைப்பாக எடுத்து ஆழ்ந்து பயிலத் தொடங்கினார். கச்சேரி நாள் நெருங்குகிறதே என்ற அவசரம் இல்லாத அந்தப் பயிற்சி, அவருடைய இசையை மேலும் செழுமையாக்கியது.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் உலகப் போர் மூண்டது. காபோன் பிரெஞ்சு ஆட்சியிலும் சுவைட்சர் தம்பதியர் ஜெர்மன் குடியுரிமையிலும் இருந்ததால், இருவரும் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டனர். நோயாளிகள் வாசலில் காத்திருக்க, மருத்துவர் அவர்களைத் தொடக்கூடத் தடை விதிக்கப்பட்டது. சில மாதங்களில் தடை நீங்கினாலும், பணமும் மருந்தும் வருவது குறைந்தது. ஜோசப்பின் ஊதியத்தையும் பாதியாகக் குறைக்க நேர்ந்தது. குறைந்த ஊதியம் தம் மதிப்புக்கு ஏற்றதன்று எனக் கருதிய ஜோசப் பணியிலிருந்து விலகினார்.

இருள் சூழ்ந்த அக்காலத்தில்தான் சுவைட்சரின் சிந்தனையில் ஓர் ஒளி தோன்றியது. 1915ஆம் ஆண்டு செப்டம்பரில், நோயுற்ற ஒருவரைக் காண அவர் ஆற்றில் நெடும்பயணம் மேற்கொண்டார். மூன்றாம் நாள் மாலை, கதிரவன் மறையும் வேளையில், படகு நீர்யானைக் கூட்டம் ஒன்றைக் கடந்து சென்றது. நல்லொழுக்கத்திற்கு அடிப்படை எது என்று பல மாதங்களாகத் தேடிய அவருக்கு, உயிரைப் போற்றுதல் என்னும் விடை அப்போது கிடைத்தது. வாழ விரும்பும் உயிர்களுக்கு நடுவே வாழ விரும்பும் ஓர் உயிராகவே மனிதன் இருக்கிறான் என்பதே அதன் சாரம். பின்னாளில் இந்தியச் சிந்தனையாளர்களைப் பற்றி அவர் எழுதிய நூலில் திருக்குறளை வியந்து போற்றியிருப்பது தமிழர் பலரும் அறிந்த செய்தியாகும்.

1917இல் கணவனும் மனைவியும் பிரான்சுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் காவல் முகாம்களில் அடைக்கப்பட்டனர். மறுஆண்டு விடுதலை பெற்றபோது இருவரின் உடல்நலமும் குன்றியிருந்தது. கடன் சுமையும் அழுத்தியது. 1919ஆம் ஆண்டு, தந்தையின் பிறந்த நாளன்றே மகள் ரேனா பிறந்தார். இனி ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப முடியாது என்றே பலரும் எண்ணினர். ஆனால், சுவைட்சர் காட்டு அனுபவங்களை நூலாக எழுதியும், சொற்பொழிவாற்றியும், ஆர்கன் வாசித்தும் கடனைத் தீர்த்தார். 1924இல் மீண்டும் லம்பரேனே சென்றார். ஹெலேனாவின் உடல்நலம் இடங்கொடாததால் அவரும் ஐந்து வயது மகளும் ஐரோப்பாவிலேயே தங்கினர். அப்பிரிவின் விலையை மூவரும் கொடுத்தனர். தந்தையைப் பெரும்பாலும் கடிதங்களிலேயே கண்டு வளர்ந்தது அக்குழந்தை.

லம்பரேனேயில் காடு மருத்துவமனையை விழுங்கியிருந்தது. கூரைகள் இற்றுப்போயிருந்தன, பாதைகளில் செடிகொடிகள் மண்டியிருந்தன. காலையில் மருத்துவராகவும் பிற்பகலில் கொத்தனாராகவும் சுவைட்சர் உழைத்தார். ஜோசப்பும் பின்னர் பணிக்குத் திரும்பினார். 1925இல் பஞ்சமும் சீதபேதியும் ஒருசேரத் தாக்கவே, பழைய இடம் போதாமல் போயிற்று. ஆற்றின் மேற்புறம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் காட்டைத் திருத்திப் புதிய மருத்துவமனை எழுப்பப்பட்டது. வெள்ளம் புகாதபடி கட்டடங்கள் தூண்கள்மேல் நிறுத்தப்பட்டன. வெயில் நீண்ட சுவர்களைத் தாக்காதபடி கிழக்கு மேற்காக அமைக்கப்பட்டன. எவரும் பழங்களைத் திருட வேண்டிய தேவையே இருக்கக்கூடாது என்பதற்காகப் பழமரங்களை ஏராளமாக நட்டார். 1927ஆம் ஆண்டு ஜனவரியில் நோயாளிகள் புதிய இடத்தில் குடியேறினர். அன்று மாலை அவர் சுற்றிவந்தபோது, ஒவ்வொரு கொசுவலைக்குள்ளிருந்தும் வீடு நன்றாக இருக்கிறது என்ற சொல்லே எழுந்தது. அத்தனை ஆண்டு உழைப்புக்கும் அதுவே அவருக்குக் கிடைத்த கூலி.

1952ஆம் ஆண்டிற்குரிய நோபெல் அமைதிப் பரிசு சுவைட்சருக்கு வழங்கப்பட்டது. அப்பணத்தைத் தொழுநோயாளர் குடியிருப்புக் கட்டவே செலவிட்டார். புகழோடு குறைகூறலும் வந்தது. காலத்திற்கேற்ப மருத்துவமனையை அவர் புதுப்பிக்கவில்லை என்றனர் சிலர். ஆப்பிரிக்கரைத் தம்பியராகவும் தம்மை அண்ணனாகவும் அவர் கருதியது, விடுதலை வேட்கை கொண்ட புதிய தலைமுறையினருக்குப் பொருந்தவில்லை. 1960இல் காபோன் விடுதலை பெற்றது. அம்மக்கள் தம்மைத் தாமே வழிநடத்த வல்லவர் என்பதை அவர் முழுமையாக உணரவில்லை என்ற குறை இன்றும் பேசப்படுகிறது. பிறர் மண்ணில் வாழ்வோர் எத்தனை ஆண்டு கழிந்தாலும் கற்பதை நிறுத்தக்கூடாது என்பதற்கு அதுவும் ஒரு பாடமாகும்.

அக்குறைகளையும் மீறி, சுவைட்சர் லம்பரேனேயைத் தம் இல்லமாகவே கொண்டார். 1957இல் காலமான ஹெலேனாவின் சாம்பல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. 1965ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், தமது 90ஆம் அகவையில், சுவைட்சர் லம்பரேனேயில் உயிர்நீத்தார். மனைவியின் அருகிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். தந்தையின் அருகாமையின்றி வளர்ந்த மகள் ரேனா, ஆய்வுக்கூடப் பயிற்சி பெற்று அங்கு வந்து பணியாற்றினார்; தந்தைக்குப் பின் மருத்துவமனைப் பொறுப்பையும் ஏற்றார். கோழிக்கூண்டில் தொடங்கிய அந்தப் பணி இன்றும் ஓகோவே ஆற்றங்கரையில் தொடர்கிறது.