வேதநாயகம் சாஸ்திரியார்

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (செப்டம்பர் 7, 1774 - சனவரி 24, 1864) தமிழ்க் கிறித்தவக் கவிஞரும் ஆசிரியரும் லுத்தரன் மரபில் வந்த பொதுநிலை இறையியலாளரும் ஆவார். குருப்பட்டம் பெறாத இவர், திருச்சபையின் வழிபாட்டு முறைகள் குறித்து ஐரோப்பிய மிசனரிகளுடன் எழுத்து வழியாக வாதிட்ட முதல் தலைமுறைத் தமிழர்களுள் ஒருவர். பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறொருவர்.

இளமையும் கல்வியும்

திருநெல்வேலியில் வேளாளர் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை தேவசகாயம் சைவ சமயத்திலிருந்து கிறித்தவத்தைத் தழுவியவர். 1785இல் திருநெல்வேலிக்கு வந்த செருமானிய மிசனரி சுவார்ட்சு (1726-1798), சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்டு தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோசியும் சுவார்ட்சின் பராமரிப்பில் கல்வி கற்றவரே. வேதநாயகம் தரங்கம்பாடியிலும் பயின்று, இறையியலோடு வானியல், புவியியல், உடற்கூற்றியல் முதலியவற்றையும் கற்றார். 1794 முதல் தஞ்சையில் உபதேசியார்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியராக ஏறத்தாழ 35 ஆண்டுகள் பணியாற்றினார். சாஸ்திரியார் என்பது அவரது கல்விச் சிறப்பைக் குறிக்கும் பட்டமேயன்றிச் சாதிப் பெயர் அன்று.

இலக்கியப் பணி

கும்மி, நொண்டி நாடகம், ஏற்றப்பாட்டு, குறவஞ்சி எனப் பொதுமக்கள் அறிந்த வடிவங்களில் கிறித்தவக் கருத்துகளைப் பாடினார். 1800இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி இவற்றுள் புகழ் பெற்றது. குறவஞ்சி நூல்களில் தலைவனிடம் காதல் கொண்ட தலைவிக்குக் குறத்தி குறி சொல்வாள். இந்நூலில் தலைவன் கிறித்து. தலைவி தேவமோகினி திருச்சபையின் உருவகம். குறத்தி விசுவாசத்தின் உருவகம். பறவை பிடிக்கும் காட்சி நற்செய்திப் பணியைக் குறிக்கிறது. உலகின் கண்டங்களும், கதிரவனை மையமாகக் கொண்ட கோப்பர்னிக்கசின் கோட்பாடும் இதில் இடம்பெறுகின்றன.

திருச்சபை குறித்த கருத்துகள்

1820களில் தஞ்சை மிசன் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த நற்செய்தி பரப்புக் கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. புதிய மிசனரிகள் பழைய லுத்தரன் வழக்கங்களை மாற்றத் தொடங்கினர். அவற்றுள் நான்கினைக் கொடுமைகள் எனச் சாஸ்திரியார் 1829 அளவில் எழுதிய நூல்களில் கண்டித்தார்.

1. பப்ரிசியசின் விவிலிய மொழிபெயர்ப்பை மாற்றுதல்
2. நற்கருணையில் எல்லாச் சாதியினரையும் வற்புறுத்தி ஒன்றாக்குதல்
3. விழா, திருமணம், அடக்கம் ஆகியவற்றில் மலர்களை விலக்குதல்
4. வழிபாட்டில் தமிழ் இசையை விலக்குதல்

நாட்டின் வழக்கங்களில் விசுவாசத்துக்கு முரணாகாதவற்றை விட்டுவிட வேண்டியதில்லை என்பதும், சுவார்ட்சு முதலிய முன்னோர் அனுமதித்ததைப் பின்வந்தோர் பாவம் எனக் கூற இயலாது என்பதும் அவரது வாதத்தின் அடிப்படை. இதன் விளைவாக 1829இல் மிசன் பணியிலிருந்து நீக்கப்பட்டார். சரபோசி மன்னர் அவரை ஆதரித்து அரசவைக் கவிஞராக ஏற்றுக்கொண்டார்.

சாதிச் சிக்கல்

அக்காலத்தில் தஞ்சைச் சபையில் வேளாளரும் பறையரும் தனித்தனியே அமர்ந்தனர். நற்கருணையில் வேளாளரே முதலில் பங்கு பெற்றனர். சாதி என்பது உலகியல் நிலை வேறுபாடு மட்டுமே, சமயத்தைச் சார்ந்ததன்று எனச் சாஸ்திரியார் வாதிட்டு இவ்வழக்கத்தைக் காத்தார். தமிழ் இசையைக் காக்க அவர் பயன்படுத்திய கோட்பாடே இங்குத் தனி இருக்கைகளைக் காக்கவும் பயன்பட்டது. உயர்ந்த இடத்தில் அமர்ந்தோருக்கு உலகியல் வழக்கமாகத் தோன்றியது, பின்னே அமர்த்தப்பட்டோருக்கு இறைவனின் முன்னும் தாழ்வாக அமைந்தது என்பதை அவ்வாதம் கணக்கில் கொள்ளவில்லை.

1833இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடுகளை நீக்க ஆணையிட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். 1840களில் தரங்கம்பாடியில் பணி தொடங்கிய லைப்சிக் லுத்தரன் மிசன், சாதியை வற்புறுத்தி நீக்கக் கூடாது எனக் கருதியதால், விலகியோரில் ஒரு பகுதியினர் அதில் இணைந்தனர். இம்மிசனின் வழியில் 1919இல் தமிழ் சுவிசேச லுத்தரன் திருச்சபை உருவானது.

மதிப்பீடு

சாஸ்திரியார் 1864இல் காலமானார். சுவிசேடக் கவிராயர் என அழைக்கப்பட்ட அவரது கீர்த்தனைகள் சபை வேறுபாடின்றித் தமிழ்த் திருச்சபைகளில் பாடப்படுகின்றன. இசை, மலர் பற்றிய அவரது நிலைப்பாட்டைத் திருச்சபைகள் பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டன. சாதி பற்றிய நிலைப்பாடு கடும் திறனாய்வுக்கு உள்ளாகியுள்ளது.

சில படைப்புகள்

* பெத்லகேம் குறவஞ்சி
* சாஸ்திரக் கும்மி
* ஞானத்தச்ச நாடகம்
* ஞான நொண்டி நாடகம்
* பேரின்பக் காதல்
* ஜெபமாலை