எல்லாம் போன பின்னால் வாங்கின பஸ்

ஜி.டி. நாயுடு பேரைக் கேள்விப்படாதவங்க நம்ம பக்கம் இருக்க மாட்டாங்க. 1893ல் கோயமுத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தைப் பாதியிலேயே விட்டுட்டார். ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்து, அதே மாதிரி வண்டி வாங்கணும்னு கோயமுத்தூர் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். வாங்கின வண்டியை முழுசாக் கழட்டி, மறுபடி மாட்டிப் பார்த்தாருங்க.

அப்புறம் திருப்பூரில் பருத்தித் தொழில். நல்ல வருமானம். அந்தத் தைரியத்தில் பம்பாய் போய் வியாபாரம் செஞ்சு, கைப்பணத்தை எல்லாம் இழந்துட்டார். விஞ்ஞானின்னு பேசறவங்க இதைச் சொல்றதே இல்லை. எனக்கு இதுதான் பெருசாத் தெரியுது. ஆடு வாங்கி நட்டப்பட்ட அக்கா மறுபடி லோன் கேட்டா, நம்ம குழுவில் எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கறோம். அவங்களும் அடுத்த கூட்டத்துக்கு வர்றதில்லை.

நட்டத்தோட திரும்பின நாயுடுவை நம்பி, பஸ் வாங்கக் கடன் கொடுத்தவர் ஸ்டேன்ஸ் துரை. 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் அந்த ஒத்தை பஸ்ஸை நாயுடுவே ஓட்டினார். கடனும் அடைஞ்சுது, பஸ்ஸும் பெருகி யு.எம்.எஸ். கம்பெனி ஆச்சு. 1937ல் பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து மின்மோட்டாரும் செஞ்சார். 1974ல் காலமானார்.

அவினாசி ரோட்டில் அவர் பேரில் கண்காட்சி இருக்குதுங்க. அடுத்த கூட்டமைப்பு டூருக்கு அங்கே போலாம். அந்த ஆடு வாங்கின அக்காவையும் கூப்பிடணும்.