18 நாளில் சிறைக்குப் போன குழந்தை

பிறந்து 18 நாளே ஆன ஒரு பெண் குழந்தை தாயோடு சிறைக்குப் போனது. ஆண்டு 1932. ஊர், தென் ஆப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க். மக்காச்சோளத்தையும் சோளத்தையும் புளிக்கவைத்து வீட்டிலேயே நாட்டு பீர் தயாரித்து விற்றார் என்பதுதான் தாய் மீதான குற்றம். கறுப்பின மக்கள் அப்படி விற்பதை அங்கே சட்டம் தடுத்திருந்தது. பிழைக்க வேறு வழியில்லாத பெண்கள் அதைத்தான் செய்தார்கள். அபராதம் கட்டப் பணம் இல்லை, ஆறு மாதச் சிறை. அந்தக் குழந்தைதான் பின்னாளில் உலகமே கொண்டாடிய பாடகி மிரியம் மகேபா.

வீட்டார் அவருக்கு வைத்த பெயர் ஸென்ஸிலே. இன்னொரு பிரசவம் உயிருக்கு ஆபத்து என்று எச்சரித்தும் கருவுற்றிருந்த மகளைப் பார்த்துப் பாட்டி முணுமுணுத்த சொல்லே பெயராகிவிட்டது. நீயாகத் தேடிக்கொண்டாய் என்பது அதன் பொருள். பாட்டி ஆற்றாமையில் சொன்னார். ஆனால், ஒடுக்கப்பட்டவர்களைப் பார்த்து அதிகாரம் எப்போதும் சொல்வதும் இதைத்தான். அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனிடம், நீயாகத் தேடிக்கொண்டது என்பார்கள். மகேபா வாழ்நாள் முழுவதும் இதைக் கேட்டார். இருந்தும் வாய் மூடவில்லை. அதனால்தான் அவரைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

தந்தை சீக்கிரமே இறந்துபோனார். தாய் வெள்ளையர் வீடுகளில் தங்கி வேலை பார்த்தார். பிரிட்டோரியா அருகே பாட்டியிடம் வளர்ந்த மகேபா, மெதடிஸ்ட் பள்ளியின் பாடகர் குழுவில் பாடிப் பழகினார். படிப்பு நின்றதும் அவரும் வீட்டு வேலைக்குத்தான் போனார். 17 வயதில் திருமணம், 18 வயதில் போங்கி என்ற மகள், உடனே மார்பகப் புற்றுநோய். கணவர் விட்டுப் பிரிந்தார். கைக்குழந்தையோடு நின்றவருக்குக் கைகொடுத்தது அவருடைய குரல்.

1948-ல் நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரை மணக்கலாம் என்பதை எல்லாம் பிறப்பே தீர்மானித்தது. கறுப்பினத்தவர் அனுமதிச் சீட்டு இல்லாமல் நகருக்குள் நடமாட முடியாது. அந்தக் காலத்தில்தான் மகேபா மன்ஹாட்டன் பிரதர்ஸ் குழுவிலும், பிறகு பெண்கள் மட்டுமே பாடிய ஸ்கைலார்க்ஸ் குழுவிலும் பாடிப் புகழ் பெற்றார். லயனல் ரோகோசின் என்ற அமெரிக்க இயக்குநர், கறுப்பின மக்களின் வாழ்க்கையை அரசுக்குத் தெரியாமல் படமாக்கினார். அதில் மகேபா சிறிது நேரமே வந்து பாடினார். 1959-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அவர் யார் என்று கேட்டார்கள். அங்கிருந்து லண்டன், பிறகு நியூயார்க். கறுப்பினப் பாடகர் ஹாரி பெலஃபோன்டே அவருக்கு வழிகாட்டியாக நின்றார்.

அமெரிக்க மேடைகளில் மகேபா தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. சுருள் முடியை நீட்டி நேராக்காமல் இயல்பாகவே விட்டார். தாய்மொழியான கோசாவிலேயே பாடினார். நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் அந்த மொழியில் எழுத்துகளாகவே உண்டு. திருமணங்களில் பாடப்படும் ஒரு கோசாப் பாட்டின் பெயரை உச்சரிக்க வெள்ளையர்களுக்கு நாக்கு வளையவில்லை. அதனால் அதற்குச் சொடுக்குப் பாட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். மகேபா அந்தக் கதையை மேடையிலேயே சிரித்தபடி சொல்லிவிட்டு, பாட்டை அதன் உண்மைப் பெயரோடு பாடுவார். கேலிக்கு உள்ளான மொழியைக் கேட்க அரங்குகள் நிறைந்தன.

1960 மார்ச் 21. ஷார்ப்வில் என்ற ஊரில் அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் மகேபாவின் தாயும் இறந்தார். அடக்கத்துக்குப் போக வேண்டும் என்று தூதரகத்துக்குச் சென்றபோதுதான், அவருடைய பாஸ்போர்ட் ரத்தானது தெரிந்தது. தன்னைச் சுமந்து சிறைக்குப் போன தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவரை விடவில்லை.

இதற்குப் பிறகாவது அடங்கிப் போவார் என்று அரசு நினைத்திருக்கலாம். 1963-ல் அவர் ஐ.நா. சபையின் நிறவெறி எதிர்ப்புக் குழு முன் சாட்சி சொன்னார். தன் நாட்டு அரசுக்கு எதிராக உலக நாடுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கேட்டார். பதிலுக்கு அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. இசைத்தட்டுகளைத் தடை செய்தது.

1966-ல் பெலஃபோன்டேவுடன் சேர்ந்து பாடிய இசைத்தட்டுக்காக கிராமி விருது கிடைத்தது. தென் ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களின் துயரைச் சொல்லும் பாட்டுகள் அதில் இருந்தன. 1967-ல் வெளியான பாட்டா பாட்டா என்ற நடனப் பாட்டு உலகமெங்கும் ஒலித்தது. மறு ஆண்டே இன்னொரு அடி. அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராட்டத்தின் இளம் தலைவர் ஸ்டோக்லி கார்மைக்கேலை மணந்தார். உடனே நிகழ்ச்சிகள் ரத்தாயின, ஒப்பந்தங்கள் முறிந்தன. அதுவரை கைதட்டிய நாடும் கதவைச் சாத்தியது. அவரைப் பாட்டுக்காரியாக ஏற்றவர்களால், போராட்டக்காரரின் மனைவியாக ஏற்க முடியவில்லை.

தம்பதியர் மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாவில் குடியேறினார்கள். அந்நாட்டின் பிரதிநிதியாக மகேபா மீண்டும் ஐ.நா.வில் பேசினார். அவருக்கு அடைக்கலம் தந்த கினியா ஆட்சியும் எதிர்ப்பாளர்களைச் சிறையில் வதைத்த ஆட்சிதான் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பிற்பாடு கார்மைக்கேலும் அவரும் பிரிந்தார்கள். 1985-ல் மகள் போங்கி பிரசவத்தில் இறந்தார். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு மகேபாவின் மேல் விழுந்தது. அப்போதும் அவர் பாடுவதை நிறுத்தவில்லை.

1990 பிப்ரவரியில் நெல்சன் மண்டேலா விடுதலையானார். மகேபா நாடு திரும்ப வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அந்த ஆண்டு ஜூனில், 31 ஆண்டுகளுக்குப் பிறகு மகேபா சொந்த மண்ணில் கால் வைத்தார். கையில் இருந்தது பிரான்ஸ் நாட்டுப் பாஸ்போர்ட்.

2008 நவம்பர் 9-ம் தேதி இரவு, இத்தாலியின் கஸ்டெல் வோல்டுர்னோ என்ற சிற்றூரில் அவர் மேடை ஏறினார். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அந்த ஊரில் பிழைக்க வந்த ஆப்பிரிக்கர்கள் ஆறு பேரைக் கமோரா என்ற குற்றக் கும்பல் சுட்டுக் கொன்றிருந்தது. அந்தக் கும்பலை அம்பலப்படுத்தி எழுதியதால் கொலை மிரட்டலுக்கு ஆளான எழுத்தாளர் ரொபர்டோ சவியானோவுக்கு ஆதரவாக நடந்த நிகழ்ச்சி அது. பாட்டா பாட்டாவைப் பாடி முடித்த மகேபா சுருண்டு விழுந்தார். மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அப்போது வயது 76.

பாட்டு வேறு, நியாயம் வேறு என்று அவர் பிரித்துப் பார்த்திருந்தால் இன்னும் வசதியாக வாழ்ந்திருப்பார். தாயின் அடக்கத்துக்கும் போயிருக்கலாம். அவர் கொடுத்த விலை சிறியது அல்ல. மாணவர்களே, இன்று செல்போனில் மகேபாவின் சொடுக்குப் பாட்டைத் தேடிக் கேளுங்கள். மொழி புரியாது. ஆனால், எங்கள் பேச்சு மட்டமானது என்று நம்பவைத்தவர்களுக்கு அந்தப் பேச்சாலேயே அவர் சொன்ன பதில் புரியும்.