குலத் தொழில் அல்ல, கற்ற தொழில்!

இராசபாளையத்து ஆலைத் தோழர்களும், சத்திரப்பட்டித் தறிகளிலே மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யும் தோழர்களும், திருவில்லிபுத்தூரில் அடுப்பின் அனலிலே நின்று பால்கோவா கிண்டும் தோழர்களும் இன்று ஒரே கேள்வியோடு நிற்கின்றனர். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவதா? அல்லது, மாதந்தோறும் உதவித்தொகை தருகிறோம், கணிப்பொறியும் கணக்கும் வணிகமும் கற்றுத் தருகிறோம், வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் பெறலாம் என்று அழைக்கின்ற நிறுவனத்துக்கு அனுப்புவதா?

அனுப்பு, காலத்தை வீணாக்காதே என்கிறது ஒரு குரல். வேலையோடு படிப்பா, இதைத்தானே 1953-இல் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தோம், இன்று நாமே எப்படித் தலையாட்டுவது என்கிறது மற்றொரு குரல். இரண்டும் நம் தோழர்களின் குரல்களே. இரண்டிலும் நியாயம் உண்டு. எனவே விடையை வெறும் முழக்கத்தில் தேடாமல், தமிழகம் நன்கறிந்த ஒருவரின் வாழ்க்கையிலே தேடுவோம். அவர்தான் கோவை ஜி.டி. நாயுடு.

1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தவர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. பிள்ளைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்கப் பள்ளியைத் தாண்டவும் இல்லை. ஊரார் கணக்கில் அவர் உருப்படாத பிள்ளை. ஏரைப் பிடிப்பதும் எருதை ஓட்டுவதும்தான் அவர் தலையிலே எழுதியிருந்தது என்று அன்றைய சமுதாயம் தீர்ப்புக் கூறியிருக்கும்.

அந்தத் தீர்ப்பை ஒரு மோட்டார் சைக்கிள் மாற்றியது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறிவந்த வண்டி அது. மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி ஓடுகிறது! கண்டவர்கள் வியந்தார்கள், வியந்து முடித்ததும் வீட்டுக்குப் போனார்கள். இளைஞர் துரைசாமியோ எப்படி ஓடுகிறது என்று கேட்டார். கோவைக்குச் சென்றார். ஓட்டல் ஒன்றிலே பரிமாறும் வேலையில் சேர்ந்தார். எச்சில் இலை எடுக்கும் வேலை இழிவு என்று எண்ணவில்லை. காசு காசாகச் சேர்த்தார். ஏறத்தாழ 300 ரூபாய் கொடுத்து மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊரைச் சுற்றி வரவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அவர் பயின்ற முதல் கல்லூரி அதுதான். ஆசிரியரும் அந்த வண்டியே, பாடநூலும் அந்த வண்டியே.

தொழிலைக் கற்றவர் வணிகத்தையும் கற்றார். அந்தப் பாடத்துக்கு அவர் கட்டிய கட்டணம் பெரிது. பருத்தி வணிகத்தில் இறங்கிப் பணம் ஈட்டினார். பம்பாய் வரை சென்று அதே பருத்தியில் ஈட்டியதை இழந்தார். இழந்தவர் இடிந்து போகவில்லை. 1920-இல், ஆங்கிலேயத் தொழிலதிபர் ஸ்டேன்சின் உதவியோடு ஒரே ஒரு பேருந்து வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார். முதலாளி தனி, ஓட்டுநர் தனி என்றில்லை. தாமே ஓட்டுநராக அமர்ந்தார். அந்த ஒற்றை வண்டியிலிருந்து வளர்ந்ததுதான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், மக்கள் வாயில் யு.எம்.எஸ். சில ஆண்டுகளில், திறமையாலும் ஒழுங்காலும் நாட்டிலேயே பெயர் பெற்ற போக்குவரத்து நிறுவனமாக அது வளர்ந்தது.

இங்கே நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இயந்திரம் தெரிந்தவன் எல்லாம் நிறுவனம் நடத்திவிட முடியாது. வண்டி பழுதானால் ஒரு நாளைக்கு எவ்வளவு இழப்பு, நேரம் தவறினால் எத்தனை பயணிகள் அடுத்த வண்டிக்குப் போவார்கள், இந்தக் கணக்கை அறிந்தவனே நிறுவனம் நடத்த முடியும். திருகைப் பிடித்த கையே பேரேட்டையும் புரட்டியது. அதனால்தான் ஒரு வண்டி பல வண்டியாயிற்று. இன்று வணிகத் திறனும் கணிப்பொறித் திறனும் சேர வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்பதும் இதைத்தான். அன்றைய திருகின் இடத்தில் இன்று கணிப்பொறி இருக்கிறது. பேரேடு அதற்குள்ளேயே இருக்கிறது.

அதன் பிறகு நாயுடுவின் கை சும்மா இருக்கவில்லை. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று பெயர் பெற்ற மோட்டாரைப் பீளமேட்டில் உருவாக்கினார். கோவை வட்டாரத்துக் கிணறுகளிலே மோட்டார் பம்பு இறைத்த கதையின் தொடக்கம் அது. மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி செய்தார். வாக்குப் பதிவு செய்யும் பொறி செய்தார். 1952-இல் 2,000 ரூபாய்க்கு விற்கக்கூடிய இருவர் அமரும் கார் ஒன்றை உருவாக்கினார். அதைப் பெருமளவில் செய்ய அரசின் உரிமம் கிடைக்கவில்லை. வேறு நாட்டிலே பிறந்திருந்தால் வீதிதோறும் சிலை வைத்திருப்பார்கள்!

ஆனால் நமக்கு வேண்டியது அவர் செய்த கருவிகளின் பட்டியல் மட்டுமன்று. 1945-ஆம் ஆண்டு வாருங்கள். தம் வாழ்வில் கண்ட உண்மையைப் பிறருக்கும் பயனாக்க விரும்பினார் நாயுடு. பொருள் கொடுத்தார், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் தொழிற்பயிற்சிப் பள்ளியும் பொறியியற் கல்லூரியும் தோன்றின. தொடக்கப் பள்ளியைத் தாண்டாத மனிதர் பொறியியற் கல்லூரியின் முதல்வராக அமர்ந்தார்! நான்காண்டுப் படிப்பில் பெரும்பகுதி வீண். பட்டறையிலே வைத்துப் பயிற்றினால் மிகக் குறைந்த காலத்தில் தேர்ந்த பொறியாளரை ஆக்க முடியும் என்பது அவர் கொள்கை. அன்றைய வெள்ளை அரசு அதை ஏற்கவில்லை. கொள்கையைப் பெரிதென்று கருதியவர் பதவியைத் துறந்தார். அந்தக் கல்லூரிதான் இன்று கோவையில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. 1974 சனவரி 4-ஆம் நாள், தம் எண்பதாம் வயதில் நாயுடு மறைந்தார்.

வாழ்க்கையைக் கண்டோம். இனி வழக்குக்கு வருவோம்.

நாயுடுவே பள்ளியை விட்டுத்தானே பெரியவரானார், நம் பிள்ளைக்கும் பள்ளி எதற்கு என்று எவரேனும் கேட்டால், தோழர்களே, அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். பள்ளியை விட்ட ஒரு துரைசாமி அறிவியல் மேதையானார். பள்ளியை விட்ட பல்லாயிரம் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? தீப்பெட்டிக் குச்சி அடுக்கினார்கள், பட்டாசுத் திரி கிள்ளினார்கள், லாரிப் பட்டறையிலே கரி பூசிய முகத்தோடு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு வரலாறு இல்லை. அதனால் நாம் அவர்களை மறந்துவிடக் கூடாது. நாயுடுவுக்கு உழவர் குடும்பத்து நிலம் பின்னால் நின்றது. பருத்தியில் விழுந்தும் எழ முடிந்தது. வாரக் கூலிக்கு மாரடிக்கும் வீட்டுப் பிள்ளை ஒருமுறை விழுந்தால் தாங்கிப் பிடிக்க என்ன இருக்கிறது? கையிலே உள்ள கல்விதான் இருக்கிறது. ஆகவே பள்ளிப் படிப்பு முழுமையாக முடிய வேண்டும். தொழிற்பயிற்சி அதற்குப் பின்னர்தான்.

அடுத்து, இது குலக்கல்வியா? 1953-இல் ஆச்சாரியார் அரசு கொண்டுவந்த திட்டம் என்ன சொன்னது? தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒரு வேளை பள்ளியில் படிக்கட்டும், மறு வேளை தகப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்றது. அந்த ஆண்டு சூலையில் மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனையாக அதை நிறுத்தி நாடே கொந்தளித்தது. 1954-இல் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். நாம் எதிர்த்தது உழைப்பை அன்று. உழைப்பை உயர்வென்று சொன்னவர்கள் நாம். நாம் எதிர்த்தது, பிறப்பு தொழிலை முடிவு செய்வதை.

எண்ணிப் பாருங்கள்! அந்தத் திட்டம் துரைசாமியின் சிறுவயதில் இருந்திருந்தால் அவருக்கு மறு வேளையில் என்ன கற்பித்திருக்கும்? ஏரைத்தான் கற்பித்திருக்கும். மோட்டாரைக் கற்பித்திருக்காது, மோட்டார் அவர் குலத்தொழில் அன்று, எவர் குலத்தொழிலும் அன்று! தகப்பன் அறியாத தொழிலைத் தேடிப் போய்த் தாமே தேர்ந்து கற்றார் நாயுடு. குலக்கல்விக்கு எதிரான உயிருள்ள சான்று அவர். கணிப்பொறியும் அப்படித்தான். அதற்கு எந்தச் சாதியும் உரிமை கொண்டாட முடியாது. தறிக்காரர் மகளும் அருந்ததியர் வீட்டு மகனும் ஒரே வரிசையில் அமர்ந்து கற்கலாம். பிறப்பு தேர்ந்தால் அது குலக்கல்வி. பிள்ளை தேர்ந்தால் அது தொழிற்கல்வி.

2023-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விசுவகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024-இல் ஏற்க மறுத்ததும் இந்த அளவுகோலால்தான். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற விதியை நீக்குங்கள், குறைந்த வயதைப் பதினெட்டிலிருந்து முப்பத்தைந்தாக உயர்த்துங்கள் என்று தமிழ்நாடு கேட்டது. கல்லூரிக்குப் போகவேண்டிய வயதுப் பிள்ளையைத் தகப்பன் தொழிலுக்குத் திருப்பிவிடக் கூடாது என்பதே அதன் பொருள்.

இனி, இன்றைய தொழிற்பழகுநர் முறைக்கு வருவோம். ஆலைகளிலே அப்ரண்டிஸ் என்று வழங்குகிறோமே, அதுதான். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அடித்தளம். 2019-ஆம் ஆண்டு விதிகள், முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநரைச் சேர்த்தே தீரவேண்டும் என்றன. படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்த அளவு உதவித்தொகை என்றும் வகுத்தன. இங்கிலாந்தில் 2015 முதல் பட்டத்தோடு கூடிய தொழிற்பழகுமுறை நடக்கிறது; மாணவனுக்குக் கட்டணம் இல்லை, கையிலே ஊதியம். இராசபாளையத்திலிருந்து தெற்கே சென்றால், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு உதவித்தொகை தந்து மென்பொருள் கற்பிக்கிறது; அங்கே பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. எச்.சி.எல். நிறுவனம் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியோரை எடுத்துப் பயிற்றி, வேலையோடு பட்டமும் படிக்க வழி செய்கிறது. தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-இல் தொடங்கியது. நம் வட்டாரத்திலோ, 1936-இல் இராசபாளையம் மில்லைத் தோற்றுவித்த இராமசாமி ராஜா பெயரால் 1963-இல் பாலிடெக்னிக் எழுந்தது. 1984-இல் கிருஷ்ணன்கோவிலில் பொறியியற் கல்லூரி எழுந்தது. வழிகள் பல. வழிப்பறியும் உண்டு; அதையும் சொல்லியாக வேண்டும்.

அதே 1961-ஆம் ஆண்டுச் சட்டம், பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்லர் என்கிறது. முடிவில் வேலை தந்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் முதலாளிக்குப் பொதுவாக இல்லை. இந்தப் பொந்து வழியே புகுந்தவர்களை நாம் மறக்க முடியுமா? தமிழ்நாட்டு நூற்பாலைகள் சிலவற்றில் சுமங்கலித் திட்டம் என்று பெயரிட்டு, பயிற்சி என்று சொல்லி, இளம்பெண்களை விடுதியிலே அடைத்து, மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை என்று ஆசைகாட்டிக் குறைந்த கூலிக்கு இரவும் பகலும் வேலை வாங்கினார்களே! அது கல்வி அன்று. கல்வியின் பெயரால் நடந்த சுரண்டல்.

ஆகவே கிளைக் கழகத் தோழர்கள் தங்கள் தெருவிலே ஒரு பிள்ளைக்கு இத்தகைய அழைப்பு வந்தால் நான்கு கேள்விகளைக் கேட்டுச் சொல்ல வேண்டும். முதலாவது, பதிவு செய்யப்பட்ட எழுத்து ஒப்பந்தம் உண்டா? இரண்டாவது, வாரத்தில் எத்தனை மணி நேரம் கற்பிக்கிறார்கள், கற்பிப்பவர் யார்? மூன்றாவது, முடிவிலே கிடைக்கும் சான்று வேறு நிறுவனத்திலும் செல்லுமா, அல்லது இந்த வாயிலுக்குள் மட்டும் செல்லுமா? நான்காவது, நடுவிலே விலகினால் பணம் கட்டு என்று மிரட்டும் பத்திரம் எதிலாவது கையொப்பம் கேட்கிறார்களா? முதல் மூன்றுக்கும் நல்ல விடை, நான்காவதற்கு இல்லை என்ற விடை கிடைத்தால், மகிழ்ச்சியோடு அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் கல்லூரிக்கு அனுப்புங்கள். கட்டணத்துக்கு வழி தேட ஊர் கூடுங்கள்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. சங்கத்தில் பழகுநருக்குச் சந்தா இல்லை, அதனால் நமக்கு அக்கறை இல்லை என்று இருந்துவிடாதீர்கள். உடல்நலமும் பாதுகாப்பும் பற்றிய சட்டக் காவல் பழகுநருக்கும் உண்டு. வேலையிலே காயம்பட்டால் இழப்பீடும் உண்டு. அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வாய் நம் வாயாக இருக்கட்டும். இன்று பழகுநராக நிற்பவன் நாளை நம் பக்கத்துப் பொறியிலே நிற்பவன்.

ஓட்டலில் இலை எடுத்த கை, மோட்டாரைக் கழற்றிய கை, கல்லூரியைக் கட்டிய கை ஆயிற்று. அந்தக் கை எந்தக் குலத்துக் கை என்று மோட்டார் கேட்கவில்லை. நம் பிள்ளைகளின் கைகளையும் எவரும் கேட்காத நாட்டை ஆக்குவதே நம் பணி. நூலைப் படிக்கட்டும், தொழிலைப் பழகட்டும். இரண்டையும் தாங்களே தேர்ந்து பழகட்டும்!